எலும்பு மில்லும் இரண்டு வெள்ளைத் தலைப்பாகைகளும்

சங்க ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. சட்டசபையில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்பது மறுநாள் காலைப் பேப்பரில் பெயரோடு வந்துவிடுகிறது. கத்தரித்து, பசை தடவி, நோட்டில் ஒட்டினால் வேலை முடிந்தது. அதற்குள் காபி வேறு வந்துவிடுகிறது. போன வாரம் உங்களில் ஒருவர், "இதில் தப்பு நடக்க என்ன சார் இருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். அவருக்காகவே இதை எழுதுகிறேன். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நம் சங்கம் ராயபுரத்தில் ஒரு கயிற்றுக் கிடங்கின் மாடியில் இருந்தது. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை சிறு ஆலைகள் வைத்திருந்தவர்கள் சேர்ந்து நடத்தியது. எண்ணெய் ஆலை, கயிற்று ஆலை, சோப்புக் கொட்டகை, எலும்பு மில் என்று மணத்திலும் நாற்றத்திலும் எல்லா வகையும் உண்டு. காரியதரிசி ஒருவர், குமாஸ்தா நான். ஆலைக்காரர்கள் என்னை ரைட்டர் என்பார்கள். கோட்டையில் கவுன்சில் கூடும் நாட்களில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து, எந்த மெம்பர் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுகிறார் என்று பார்த்து வருவது என் வேலை.

கோட்டையில் ஒருவர் எழுந்து நிற்பதற்கும் திருவொற்றியூரில் ஓர் எஞ்சின் நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் முதலில் நினைத்தேன். கொதிகலனை வருஷத்தில் எத்தனை தடவை அணைத்துச் சோதனை போடவேண்டும், புகைபோக்கி எவ்வளவு உயரம் இருக்கவேண்டும், கழிவுத் தண்ணீர் எந்தக் கால்வாயில் விழலாம் எல்லாம் அங்கே முடிவாகும். இங்கே ஆலைக்காரர்கள் செங்கல் வாங்குவார்கள் அல்லது பூட்டு வாங்குவார்கள். ஆகவே மெம்பர்களின் ஓட்டு விவரத்தை ஒரு தாளில் எழுதி, நமக்குச் சாதகம் என்றால் நீல மை, பாதகம் என்றால் சிவப்பு மை போட்டு, மாதம் ஒருமுறை எல்லா ஆலைக்கும் அனுப்புவேன். அந்தத் தாளுக்கு இருந்த மவுசு பஞ்சாங்கத்துக்குக்கூட இல்லை. ஆயுத பூஜைக்கு எந்த மெம்பரைக் கூப்பிடுவது, யாருக்கு மாலை, யாருக்கு வெறும் பொரி என்பதுவரை அதைப் பார்த்துத்தான்.

பார்வையாளர் மாடத்தில் பென்சிலும் காகிதமும் கூடாது. மாடம் மெம்பர்களின் முதுகுப் பக்கம், உயரத்தில் இருந்தது. சாதகமானவர்கள் எழுந்திருங்கள் என்று தலைவர் சொல்வார், சிலர் எழுவார்கள். பாதகமானவர்கள் என்பார், வேறு சிலர் எழுவார்கள். எந்தப் பக்கமும் சேராதவர்கள் கடைசியில் எழுவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகும் தலைப்பாகையும்தான். போதாக்குறைக்கு எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, போடாமலே காலம் தள்ளினேன். ஆனால் மூளை இருக்கிறதே! யார் எந்த நாற்காலி என்று சதுரங்கக் கட்டம்போல மனப்பாடம் செய்துகொண்டேன். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் வக்கீல் மெம்பர். இரண்டாவது வரிசையில் தூணோரம் டாக்டர் மெம்பர். இரண்டு பேருக்கும் வெள்ளைத் தலைப்பாகை. இருவருமே நம் வடசென்னைப் பக்கத்து ஆட்கள். எழுந்த நாற்காலிகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடி எழுதிவிடுவேன். காரியதரிசியே என் ஞாபக சக்தியை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வார். எனக்குத் தலை கால் புரியாது.

பெயரோடு அச்சிட்ட நடவடிக்கைப் புத்தகம் சர்க்காரிலிருந்து வராமலில்லை. வரும், பல வாரம் கழித்து, செங்கல் கனத்தில். அதற்குள் என் தாள் ஊரெல்லாம் போயிருக்கும். புத்தகங்களை ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். கடற்காற்றுக்கு நல்ல உபயோகம்.

அந்த வருஷம் ஆலைகளுக்குப் பாதகமான கொதிகலன் சட்டம் ஒன்று மூன்று தடவை ஓட்டுக்கு வந்தது. மூன்று தடவையும் வக்கீல் நாற்காலி நமக்காகச் சட்டத்தை எதிர்த்து எழுந்தது. டாக்டர் நாற்காலி நமக்கு எதிராக எழுந்தது. வக்கீலுக்கு மூன்று நீலம், டாக்டருக்கு மூன்று சிவப்பு. ஆயுத பூஜையன்று எண்ணெய் ஆலையில் வக்கீலுக்கு ஆளுயர மாலை போட்டார்கள். அவர் ஏனோ கொஞ்சம் விழித்தார். எதற்கு இந்த மரியாதை என்று கேட்க வாயெடுத்தவர், சந்தனமும் சர்க்கரைப் பொங்கலும் வந்ததும் பேசாமல் இருந்துவிட்டார்.

அதற்குப் பின்தான் எலும்பு மில்லுக்குச் சோதனை வந்தது. மில் தாவீது அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தண்டையார்பேட்டையைத் தாண்டி வெறும் மணலாய்க் கிடந்த இடத்தில் போட்ட மில். எலும்பைப் பொறுக்கி, பொடித்து, உரமாக்கிக் கப்பலேற்றுவார். எலும்பு பிரிக்கும் வேலையில் நாற்பது பெண்கள். வியாசர்பாடியிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் விடியற்காலையில் நடந்தே வருவார்கள். அவர்களுக்கு மேஸ்திரி கன்னியம்மா. நாளாக ஆக மில்லைச் சுற்றி மாடி வீடுகள் வந்தன. வீடு கட்டும்போது தெரியாத நாற்றம் கிருகப்பிரவேசத்துக்கு மறுநாள் தெரியும் அல்லவா? மனுக்கள் பறந்தன. வீடுகளுக்கு அரை மைலுக்குள் எலும்பு வேலை, தோல் வேலை எதுவும் நடக்கக்கூடாது என்று ஒரு மசோதா கவுன்சிலுக்கு வந்தது. நிறைவேறினால் மில் எண்ணூருக்கு அப்பால் போகவேண்டும். அண்ணாச்சி எப்படியோ போய்விடுவார். அந்த நாற்பது பெண்களால் அவ்வளவு தூரம் தினம் நடந்து போய்வர முடியாது, அவர்கள் பிழைப்பு அன்றோடு சரி.

மசோதாவைப் பற்றித் தெரிந்துகொள்ள டாக்டர் மெம்பர் ஒருநாள் தாமாகவே மில்லுக்கு வந்தார். அண்ணாச்சி என் தாளை எடுத்துப் பார்த்தார். மூன்று சிவப்பு. வாசலுக்குப் போய், இன்று மில் லீவு என்று கைகூப்பினார். பின்னால் எஞ்சின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் எஞ்சின் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, சரி என்று திரும்பிப் போய்விட்டாராம். அண்ணாச்சி இதைச் சங்கத்துக்கு வந்து சொன்னபோது காரியதரிசியும் சேர்ந்து நாங்கள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மசோதா திங்கட்கிழமை ஓட்டுக்கு வருவதாக இருந்தது. அண்ணாச்சி வக்கீல் மெம்பரை மலைபோல் நம்பியிருந்தார். முந்தின வெள்ளிக்கிழமை, கொதிகலன் சட்டத்தில் வக்கீல் செய்த உபகாரத்தைச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம், தேதியைச் சரியாகப் போட்டுக்கொடு என்று காரியதரிசி என்னிடம் சொன்னார். தேதிக்காக, முட்டுக் கொடுத்திருந்த புத்தகத்தை முதன்முதலாக எடுத்துப் புரட்டினேன். ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் பட்டியலில் வக்கீல் பெயர் இல்லை. டாக்டர் பெயர் இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து அடுத்த ஓட்டைப் பார்த்தேன். அதிலும் டாக்டர். மூன்றாவதிலும் டாக்டர். வக்கீல் மூன்று தடவையும் நமக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டிருந்தார். கோட்டையில் வேலை பார்க்கும் டவாலிச் சேவகர் ஒருவரை எனக்குத் தெரியும். டிராம் ஏறிப் போய் அவரைப் பிடித்துக் கேட்டேன். அவர் அசட்டையாகச் சொன்னார், வக்கீலுக்குக் காது மந்தம், தலைவர் பேசுவது கேட்கவில்லை என்று இந்த வருஷக் கூட்டத்தொடர் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் சொல்லி இடம் மாற்றிக்கொண்டார் என்று. நான் வருஷம் முழுக்க நாற்காலிகளுக்கு நீலமும் சிவப்பும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரியதரிசியிடம் வந்து சொன்னேன். அவர் நல்ல மனிதர், பயந்த மனிதர். கதவைச் சாத்திவிட்டு, யாரும் புத்தகத்தைப் புரட்டப்போவதில்லை, நீயும் புரட்டவில்லை என்று வைத்துக்கொள் என்றார். சொன்னால் என் வேலையும் போகும், அவருடைய வேலையும் போகும், சங்கத்தின் பெயரும் கெடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று அவர் நம்பினார். உண்மையைச் சொன்னால், அரை மணி நேரம் நானும் நம்பினேன். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறகு அண்ணாச்சி திங்கட்கிழமை மாடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வக்கீல் எழுவதைப் பார்க்கப்போகிறாரே என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அண்ணாச்சி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நமக்காக மூணு தடவ எந்திரிச்ச மனுசன வாசல்ல நிக்க வச்சு அனுப்பிட்டேனே வே" என்றார். "எஞ்சின் ஓடுது, நான் லீவுங்கேன். அவரு என்ன நெனச்சிருப்பாரு?"

அன்று மாலையே இருவரும் ராயபுரத்தில் டாக்டரின் வைத்தியசாலைக்குப் போனோம். நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் முறை வந்தது. உடம்புக்கு என்ன என்று டாக்டர் கேட்டார். கண் என்றேன். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னேன். நாற்காலிக் கதை வந்தபோது அவர் சிரித்துவிட்டார். அப்பாடா என்று அண்ணாச்சி மசோதாப் பேச்சை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்கள் தாளில் நான் நல்லவனாகிவிட்டேன் என்பதற்காக வந்திருக்கிறீர்கள்" என்றார். "அந்தக் கொதிகலன் சட்டம் அசட்டுத்தனமாக இருந்தது, எதிர்த்தேன். உங்கள் முகத்துக்காக இல்லை. இந்த மசோதா அசடா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. நாளைக்கு மில் லீவா?"

லீவு இல்லை என்று அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

சனிக்கிழமை டாக்டர் வந்தார். எங்களை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு நேரே எலும்புக் குவியலுக்குப் போய் கன்னியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். அண்ணாச்சி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நாற்றமே இல்லை என்று அவள் சொல்லிவிடவேண்டுமே என்று அவருக்கு. நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

"நாத்தம் கீது சாமி, பொய் சொல்லக்கூடாது" என்றாள் கன்னியம்மா. "காஞ்ச எலும்பு ஒண்ணும் பண்ணாது. ஈர எலும்பு வந்து மூணு நாளு மழைல கெடந்தா எங்களுக்கே கொமட்டிக்கினு வரும். மேல ஒரு கொட்டாயி போட்டு, ஈரத்த உள்ள வுடாம இருந்தா போதும். அத்த வுட்டுட்டு மில்லையே தூக்கினு போனா, நாங்க இன்னா துண்றது?"

அண்ணாச்சியின் பிடி தளர்ந்தது. டாக்டர் திரும்பி வந்து, கூரை வேண்டும், ஈர எலும்பு வண்டியை வாசலிலேயே திருப்ப வேண்டும், இரண்டும் செய்வதானால் மசோதாவை எதிர்ப்பேன், இல்லையென்றால் ஆதரிப்பேன் என்றார். எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டார். நாளைக்கே என்றார் அண்ணாச்சி. நாளை ஞாயிறு. வாலிப வயதிலிருந்து மாதா கோயிலுக்குப் போகாத ஒரே ஞாயிறு அதுதான் என்று பின்னாளில் அடிக்கடி சொல்லிக்காட்டுவார். கம்பு நட்டு, கீற்றுக் கட்டி, பெண்களும் ஆண்களுமாகப் பாதிக் கூரையை அன்றே ஏற்றிவிட்டார்கள். நானும் கீற்று முடைந்தேன். நான் முடைந்ததை யாரும் கூரையில் வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை அண்ணாச்சியின் மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு மாடத்தில் உட்கார்ந்தேன். அது வேறு பவர், எல்லாம் வளைந்து தெரிந்தது. ஆனாலும் டாக்டர் பேச எழுந்தபோது பக்கவாட்டில் அவர் முகம் தெரிந்தது. ஊருக்குள் மில் இருப்பதில் குற்றமில்லை, மில்லைக் கூரையில்லாமல் நடத்துவதுதான் குற்றம் என்று பேசினார். கூரை போட்ட பழைய மில்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஓட்டெடுப்பில் எங்கள் மாலையை வாங்கிக்கொண்ட வக்கீல் எதிர்ப்பக்கம் எழுந்து நின்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? திருத்தம் மயிரிழையில் ஜெயித்தது. அண்ணாச்சி மாடத்திலேயே அழுதுவிட்டார். காவலர் வந்து எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

இதோடு கதை முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன். ஜெயித்த கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

நான் செய்த இரண்டாவது தப்பு முதல் தப்பைவிடப் பெரியது. தவறான தாள்களைத் திருத்தவேண்டும் அல்லவா? ஒவ்வோர் ஆலைக்கும் நேரில் போய், நான் குருடன், தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும். அண்ணாச்சி ஒருவரிடம் சொன்னதிலேயே என் மானம் போதுமான அளவு போயிருந்தது. அதனால் ஒரு துண்டுச் சீட்டில், இன்ன தேதித் தாளில் இவ்வாறு திருத்தி வாசிக்கவும் என்று யாருக்கும் உறைக்காத பாஷையில் எழுதித் தபாலில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். திருத்தச் சீட்டை யார் எடுத்து ஒட்டுகிறார்கள்? பழைய தாள் அப்படியே ஆணியில் தொங்கியது.

அடுத்த வருஷம் தேர்தல் வந்தது. அந்தக் காலத்தில் வீடு, நிலம், வரி என்று ஏதாவது இருந்தால்தான் ஓட்டு. மில்லைச் சுற்றி மாடி வீடு கட்டியிருந்தவர்களுக்கு ஓட்டு இருந்தது. டாக்டரை எதிர்த்தவர்கள், நாற்றத்துக்கு ஓட்டுப் போட்டவருக்கா உங்கள் ஓட்டு என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். அந்த ஒரு ஓட்டை மட்டும் வைத்து அவரை அடித்தார்கள். சரி, அவர்களுக்கு அவர்கள் மூக்கு. நம் ஆலைக்காரர்களாவது அவருக்குப் போட்டார்களா? பலர் ஆணியில் தொங்கிய என் தாளைப் பார்த்தார்கள். மூன்று சிவப்பு. தேர்தலுக்கு முந்தின வாரம் விஷயம் தெரிந்து நான் ஆலை ஆலையாக ஓடினேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். டாக்டர் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றுப்போனார்.

முடிவு தெரிந்த அன்று சாயங்காலம் மில்லுக்குப் போனேன். கன்னியம்மா கூரைக்குக் கீழே உட்கார்ந்து எலும்பு பிரித்துக்கொண்டிருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது.

"எங்களுக்கு ஓட்டு கீதா ரைட்டரே?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அது அவருக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"தெரிஞ்சிக்கினேவா எங்களுக்கோசரம் எய்ந்து நின்னாரு?" என்றாள். "இன்னா மன்சன் அவரு."

அவர் தோற்றதற்கு என் தாள் ஒரு காரணம் என்பதை நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

இரவெல்லாம் அது உறுத்தியது. காலையில் அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, அவர் வாயால் நாலு திட்டு வாங்கினால்தான் ஆறும் என்று தோன்றியது. நான் மில்லை நெருங்கும்போது வேலைச் சங்கு ஊதிற்று. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். எலும்பு குவிந்து கிடந்தது, ஒரு பெண்ணையும் காணோம். எஞ்சின்காரர் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் டாக்டர் வூட்டாண்ட போயிக்கினு கீறாங்க என்றார்.

கப்பலுக்குச் சரக்குப் போகவேண்டிய நாள். இந்த அண்ணாச்சி இன்றைக்கு யாரை விட்டுவைக்கப்போகிறார் என்று பயந்துகொண்டே அவருடைய அறைக் கதவைத் தள்ளினேன். நாற்காலி காலியாக இருந்தது. மாதா கோயிலுக்கு மட்டும் போடுவதற்காக அவர் ஆணியில் மாட்டி வைத்திருக்கும் கோட்டும் அங்கே இல்லை.